மாதா ஆடக்கூடாது

சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து எரிந்த கிரீஸ் நாற்றம் வந்தது.

மாலை ஆறு மணி இருக்கும். மயிலாப்பூரில் எங்கள் கோயில் திருவிழா. மாதா சுரூபம் சப்பரத்தில் மல்லிகைப் பூவுக்கு நடுவே நிற்கிறது. சப்பரம் ஒரு டிரைலர் வண்டியின் மேல் நிற்கிறது. ஐம்பது பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். பெண்கள் கூட்டத்தில் முக்காடு போட்டுக்கொண்டு, கையில் மெழுகுவர்த்தியோடு நானும் போகிறேன். வாய் ஜெபம் சொல்கிறது. மூக்கு மட்டும் வண்டியின் இடதுபக்கச் சக்கரத்திலேயே இருக்கிறது.

கற்பூரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பேரிங் வேகிற நாற்றம் அது. எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் அந்தச் சக்கரத்தில் பேரிங் போட்டவளே நான்தான்.

சக்கரம் கீச்சென்றது. பத்தடி போனதும் இன்னொரு தடவை. அப்புறம் அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது. வடம் இழுத்தவர்கள் தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சப்பரம் குலுங்கி மாதாவின் கிரீடம் முன்பக்கம் சரிந்தது. பாட்டு நின்றது.

அந்த அமைதியில் திருவிழாக் கமிட்டித் தலைவரின் குரல் கணீரென்று கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன். பொம்பளை கை வச்ச வண்டி."

நாற்பத்தோராம் பக்கம்

இந்த வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் அண்ணன் கல்யாணத்தில் பந்திக்கு நடுவே சாம்பார் தீர்ந்துபோன கதையை எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும். போன வாரம் தபாலில் ஒரு விழா மலர் வந்தது. அதே கோயிலின் மலர். வழவழத் தாள், நடுவில் வண்ணப் படம், பின் அட்டையில் நகைக்கடை விளம்பரம். அனுப்பின மகராசன் பேர் போடவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தின் மூலையை மட்டும் மடித்து வைத்திருந்தார்.

அதில் இப்படி இருக்கிறது. யுத்தம் முடிந்த காலத்தில் ஒரு வருடம் சப்பரத்தை டிரைலர் வண்டியில் வைத்து இழுத்தார்களாம். ஒரு பெண்மணி சக்கரத்தில் கை வைத்துவிட்டதால் வண்டி நடுத்தெருவில் நின்றுபோயிற்றாம். பிறகு மாதாவின் புதுமையால், அதாவது அற்புதத்தால், நகர்ந்து, கோயில் வந்து சேர்ந்ததாம்.

நிற்க வைத்ததற்கு நான். நகர்ந்ததற்கு மாதா.

படித்ததிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை. இந்த வயதில் இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்கிறார். அவருக்கென்ன, அவரைப் பற்றி யாரும் மலரில் எழுதவில்லை. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அச்சில் ஏற்றின பிறகும் மூடிக்கொண்டிருக்க நான் ஒன்றும் சுரூபம் இல்லை.

டெய்லர் வேலை

எனக்கு எப்படி பேரிங் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

யுத்தம் நடந்தபோது கிண்டிப் பக்கம் ஒரு மோட்டார் டிப்போவில் பெண்களையும் வேலைக்கு எடுத்தார்கள். எங்கள் கோயில் பங்கிலிருந்து நாலு பேர் போனோம். டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். மற்ற மூன்று பேரும் தெரியும் என்று புளுகினார்கள். நான் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது, எனக்கு டிரைலர் செக்ஷன் கிடைத்தது. லாரிக்குப் பின்னால் கோத்து இழுக்கிற இரண்டு சக்கர வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். சக்கரத்தைக் கழற்றி, பேரிங் பார்த்து, கிரீஸ் ஏற்றி, திரும்ப மாட்டி அனுப்ப வேண்டும்.

வீட்டில் அம்மாவிடம் டிரைலர் செக்ஷன் என்றேன். அம்மா காதில் அது டெய்லர் செக்ஷன் என்று விழுந்தது. மறுநாளே தெருப் பூராவும், எம் பொண்ணு மிலிட்டரிக்கே சட்டை தைக்கிறா என்று சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் ரவிக்கைத் துணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு ஒரு பித்தான் தைக்கத் தெரியாது. டிப்போவில் ஒரு சிநேகிதி தைத்துக் கொடுப்பாள், நான் தைத்தேன் என்று கொண்டு போய்க் கொடுப்பேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா என்னை வீட்டோடு உட்கார வைத்திருப்பாள். ஆகவே மூன்று வருஷம் ஊருக்கெல்லாம் நான் டெய்லர்.

அந்த மூன்று வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது. பூசைக்குப் போகும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன்.

வளையல் அளவு

பேரிங் வேலை மந்திரம் ஒன்றும் இல்லை. கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

சக்கரத்தின் நடுவே ஹப்பு. அதற்குள் உள்பக்கம் ஒரு பேரிங், வெளிப்பக்கம் சின்னதாக ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. கப் என்பது ஹப்புக்குள் இறுக உட்கார்ந்திருக்கும் வளையம். கோன் என்பது சாய்வான உருளைகள் கோத்த துண்டு. கப்பும் கோனும் ஜோடி, ஒன்றாக ஓடித் தேய்ந்தவை. ஒரு ஜோடியின் கப்பில் இன்னொரு ஜோடியின் கோனைப் போடக்கூடாது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒவ்வொரு உருளையாக வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புள்ளி விழுந்திருந்தாலும், சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலும் மாற்ற வேண்டும். நல்லதென்றால் உள்ளங்கையில் கிரீஸை வைத்து, அதில் கோனை அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும்.

கடைசியில் நட்டு. அங்கேதான் ஆண்பிள்ளைகள் எல்லாம் கோட்டை விடுவார்கள். நட்டைப் பார்த்தால் இறுக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கை துறுதுறுக்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்க வேண்டியதுதான். ஆனால் இறுக்கின பிறகு கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தி, துவாரம் நேராக வந்ததும் குறுக்கே பின்னைச் செருகி, அதன் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வளைத்து விட வேண்டும். நட்டு அப்புறம் நகராது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் மயிரிழை ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். ஓடும்போது இரும்பு சூடாகி உப்பும், அதற்கு இடம் வேண்டாமா? கையில் வளையல் போடுகிறோம். ஆடாமல் இறுகப் போட்டால் கை என்னவாகும்?

இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். யுத்தம் முடிந்ததும், ஊர் திரும்பிய ஆண்களுக்கு வேலை வேண்டும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். என் பெட்டியில் ஸ்பானர்கள் இருந்தன, சுத்தியல் இருந்தது, கையில் தொழில் இருந்தது. எட்டு மாதம் வீட்டில் அரிசியில் கல் பொறுக்கினேன்.

சவரிராயன் கொடுத்த வாக்கு

தேனாம்பேட்டையில் சவரிராயன் என்று ஒருவர் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். எங்கள் பங்குக்காரர், கமிட்டியிலும் இருந்தார். மிலிட்டரி சாமான்களை ஏலம் விட்டபோது நாலைந்து டிரைலர்களை எடுத்துப் போட்டிருந்தார். தி.நகரில் புதுசு புதுசாக வீடு கட்டுகிறார்களே, செங்கல் லோடு அடிக்க உதவும் என்று.

அந்த வருஷம் கமிட்டித் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் பேர் வேண்டாம், பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தியவர், வாத்தியார் என்றே சொல்கிறேன். வருஷா வருஷம் கடற்கரைக் குப்பத்து ஆட்கள் சப்பரத்தைத் தோளில் சுமப்பார்கள். அது அவர்கள் பரம்பரை உரிமை. காலம் மாறிவிட்டது, இனிமேல் டிரைலரில் வைத்து இழுக்கலாம் என்றார் வாத்தியார். சவரிராயன் ஒரு வண்டியைக் கொடுத்தார். சும்மா நின்ற வண்டி, பேரிங் பார்க்க ஆள் வேண்டும்.

நான் நேரே சவரிராயனிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்தார். டிப்போவில் நான் செய்த வேலை அவருக்குக் காதில் விழுந்திருந்தது. கடைசியில் சொன்னார்:

"சப்பரம் நாலு தெரு சுத்திக் கோயிலுக்கு வந்து சேரட்டும் ரெஜினா. திங்கக்கிழமை நீ பட்டறைக்கு வந்துடு. ஊரே பாத்த பிறகு எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பட்டறையில் வேலை. ஒரு பெண்ணுக்கு. இதற்காக ஒரு சக்கரம் என்ன, ஒன்பது சக்கரம் கழற்றியிருப்பேன்.

சனிக்கிழமை காலையில் கோயில் வளாகத்திலேயே வேலையை ஆரம்பித்தேன். அம்மா வந்து நின்று பார்த்தாள். டெய்லருக்குச் சக்கரத்துல என்னடி வேலை என்றாள். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அம்மா திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இடது சக்கரத்தின் வெளிப் பேரிங்கில் இரண்டொரு புள்ளி இருந்தது. இன்னும் ஓடும்தான். இருந்தாலும் மாதா வண்டியாயிற்றே என்று சவரிராயன் கொடுத்த புதுசைப் போட்டேன். பழைய ஜோடியைத் தூக்கிப் போட மனசில்லை. எண்ணெய்த் தாளில் சுற்றி ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

டுக்

மாலையில் வெள்ளோட்டம். மாதா நிற்கிற இடத்தில் ஒரு பீப்பாயை நிறுத்தி வண்டியை வளாகத்துக்குள் இழுத்தோம். பீப்பாய் லேசாக அசைந்தது. வாத்தியார் முகம் சுண்டியது. சக்கரத்தின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். உள்ளே டுக் என்றது.

"ஆடுது. மாதா ஆடக்கூடாது," என்றார்.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். அசைவது ஸ்பிரிங்கால், டயரில் காற்று இருப்பதால், சக்கரத்தால் இல்லை. இந்த டுக் இருக்க வேண்டியது, நானே விட்டது, எடுத்தால் பேரிங் வெந்துவிடும் என்றேன். வளையலைக்கூடக் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, சவரிராயனைப் பார்த்தார். சவரிராயன் ஆகாசத்தைப் பார்த்தார். சரி சரி என்று வாத்தியார் போய்விட்டார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். மடச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பூசையில் இருக்கும்போது நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். திருவிழா வேலைக்குக் கமிட்டி பிடித்திருந்த ஜீப்பின் டிரைவரே ஒரு மாதம் கழித்து என் அண்ணனிடம் சொன்னார். வாத்தியார் அவரைக் கூப்பிட்டு, ஸ்பானருக்குப் பின்னால் குழாயைச் செருகி, டுக் நிற்கிற வரைக்கும் இறுக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு சக்கரத்தையும். இறுக்கின இடத்தில் துவாரம் நேராக வரவில்லை, என் பின் உடைந்துபோயிருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் படம் மாட்ட வைத்திருந்த ஆணிகளை எடுத்து இரண்டிலும் அடித்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? அந்த வண்டியை ஜீப்பில் கோத்து, அடையாறு போய், கோயில் வாசல் வளைவுக்கு மூங்கிலும் வாழை மரமும் ஏற்றிக்கொண்டு வேகமாகத் திரும்பியிருக்கிறார்கள். பேரிங் செத்தது அப்போதுதான். சாயங்காலம் தெருவில் நின்றது பிணம்.

நடுத்தெருவில்

இனி ஆறு மணிக்கு வருகிறேன். பொம்பளை கை வச்ச வண்டி என்று அவர் சொல்லிவிட்டார். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் நகர்ந்து நின்றார்கள். அது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

மெழுகுவர்த்தியை அம்மா கையில் கொடுத்தேன். முந்தானையை இடுப்பில் செருகினேன். அண்ணன் அருளிடம், வீட்டுக்கு ஓடி என் சாமான் பையையும் பால்பவுடர் டப்பாவையும் கொண்டுவா என்றேன். அண்ணன் எதற்கு என்று கேட்கவில்லை, ஓடினான்.

வண்டியைத் தூக்க ஆள் வேண்டும். கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குப்பத்து ஆட்கள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வருஷம் தோள் கொடுக்க விடவில்லையே, அவர்களுக்கும் வயிற்றெரிச்சல் இல்லாமலா இருக்கும். அவர்களில் பெரியவர் அந்தோணி முன்னால் வந்தார்.

"நீ இன்னா பண்ணணுமோ பண்ணு தங்கச்சி. நாங்க தூக்கிக்கினு நிக்கிறோம்," என்றார்.

பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். நழுவினால் தாங்க அடியில் மரக்கட்டை வைத்தோம். ஹப்பின் மூடியைத் தட்டி எடுத்தேன். உள்ளே கிரீஸ் இல்லை, கருப்புத் தண்ணீர். நட்டுக்குக் குறுக்கே என் பின் இல்லை, ஒரு ஆணி.

கொதிக்கிற இரும்பு. குறட்டால் ஆணியைப் பிடுங்கும்போது கட்டைவிரல் வெந்தது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. ஆணியை உயர்த்திப் பிடித்துக் கேட்டேன்:

"சார், இது எந்தப் பொம்பளை அடிச்ச ஆணி?"

அந்தோணி சிரித்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? கூட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லாரும் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லுங்கள் என்றார். அவரே சத்தமாக ஆரம்பித்தார். முந்நூறு பேர் சேர்ந்து சொன்னால் என் குரல் எங்கே கேட்கும். ஜெபத்தை வாய்ப்பூட்டாகப் போட்ட மனுஷனை அன்றுதான் பார்த்தேன். ஆணியைச் சவரிராயன் கையில் வைத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கோன் உருளைகள் நீலம் பாய்ந்து, இரண்டு உடைந்தே போயிருந்தன. கப்பைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே எடுத்தேன். அச்சில் விழுந்திருந்த கீறலை உப்புத்தாளால் தேய்த்தேன். டப்பாவில் இருந்த பழைய கப்பைப் போட்டு, பழைய கோனில் கிரீஸ் ஏற்றி வைத்து, நட்டை இறுக்கினேன். பிறகு தளர்த்தினேன். தளர்த்தும்போது வாத்தியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தளர்த்தினேன். வலது சக்கரம் சூடாக இருந்தாலும் பிழைத்திருந்தது. அதிலும் ஆணியைப் பிடுங்கிப் போட்டு, நட்டைத் தளர்த்தினேன். இரண்டுக்கும் பையிலிருந்து புதுப் பின் எடுத்துப் போட்டேன். ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை ஒரு தடவை முழுதாக முடிந்து, இரண்டாவது தடவை பாதியில் இருந்தபோது நான் எழுந்தேன். அதுவரை அந்தோணி ஆட்கள் முறை போட்டுத் தோள் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

புதுமை

வண்டி நகர்ந்தது. நிற்பதற்கு முன் சக்கரம் பிடித்துப் பிடித்து விட்டதால் வெடுக்கு வெடுக்கென்று இழுத்தது. இப்போது ஒரே சீராக உருண்டது. ஸ்பிரிங் மேல் சப்பரம் மெதுவாக அசைந்தது. சரிந்திருந்த கிரீடத்தோடு மாதா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை அசைத்துக்கொண்டே வந்தாள்.

ஒரு கிழவி அதைப் பார்த்துவிட்டு, மாதா நம்மைப் பார்த்துத் தலையசைக்கிறாள் என்று அழ ஆரம்பித்தாள். அவள் அழுதால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த தெருவுக்குள் போவதற்குள் அது புதுமையாகிவிட்டது. புதுமை, புதுமை என்று கூட்டம் முழுக்கப் பேச்சு. மாதா ஆடக்கூடாது என்று ஆணி அடித்த அதே வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கோயில் வாசலில் எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உங்கள் ஜெபத்தால்தான் வண்டி நகர்ந்தது என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

என் கை முழுக்க கருப்பு. என்னிடம் யாரும் கை கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை

சப்பரம் நாலு தெரு சுற்றி வந்து சேர்ந்ததா இல்லையா? சேர்ந்தது. வாக்கு வாக்குதானே. திங்கட்கிழமை காலை சாமான் பையோடு தேனாம்பேட்டைக்குப் போனேன்.

சவரிராயன் என்னைப் பார்த்ததும் எழுந்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"நீ செஞ்ச வேலை சுத்தம் ரெஜினா. எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா உன்னை நான் வச்சுக்கிட்டா, வாத்தியார் சொன்னது பொய்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

பொய்தானே ஐயா என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து அந்த ஆணியை எடுத்து, ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். எனக்கு மிச்சமானது அதுதான். அடுத்த வருஷத்திலிருந்து சப்பரம் பழையபடி தோளுக்குப் போனது. அந்தோணிக்காவது நியாயம் கிடைத்தது.

மேலே கேளுங்கள். சும்மா எவ்வளவு நாள் இருப்பது? அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள் அல்லவா, எம் பொண்ணு டெய்லர் என்று. அதைக் கேள்விப்பட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பேரிங் தெரியும் என்று உண்மை சொன்னதற்கு வேலை இல்லை. தையல் தெரியும் என்று அம்மா சொன்ன பொய்க்கு வேலை. ராப்பகலாக உட்கார்ந்து தையல் கற்றுக்கொண்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ரவிக்கை வெட்டச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள்கூட எனக்கு அது பிடிக்கவில்லை.

மலர்க் கமிட்டிக்கு ஒரு தகவல். அந்த ஆணி தொலையவில்லை. கொஞ்சம் வளைந்திருந்தது, தட்டி நிமிர்த்தினேன். தையல் வகுப்புக்குப் போன முதல் நாள் கரும்பலகைக்குப் பக்கத்தில் அதை அடித்து, முப்பது வருஷம் அதில்தான் என் கத்தரிக்கோலை மாட்டி வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று பிடுங்கி எடுத்து வந்தேன். இப்போது என் வீட்டுக் கூடத்தில் மாதா படம் அதில் தொங்குகிறது. சுவரில் அடிக்கவென்று வாங்கின ஆணி அது. அதைச் சரியான இடத்தில் அடித்தவள் உங்கள் நாற்பத்தோராம் பக்கத்துப் பெண்மணிதான்.